அம்மாவுக்கு, தம்பிக்கு, மாமாவுக்கு: ஒட்சிசன் பை எங்கள் வீட்டில் யாருக்கு உதவும்?

கொழும்பில் இருக்கும் அத்தான் சில மாதத்துக்கு முன் ஒரு வீடியோ அனுப்பினார். ஆள் நீளத்துக்கு ஒரு நீலப் பை, உள்ளே கண்ணை மூடிப் படுத்திருக்கும் ஒருவர், பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஒரு கொம்பிரசர். மைல்ட் ஹைப்பர்பேரிக் ஒட்சிசன் சிகிச்சையாம், அதாவது அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டி, அதற்குள் மூச்சு விடவைப்பது. களைப்புப் போகும், புண் ஆறும், தசை வலி விடும் என்று பின்னணியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே போனது. “நுவரெலியாவிலேயே ஓர் இடத்தில இருக்கு தம்பி. மூணு பேரையும் கூட்டிட்டுப் போ, செலவ நான் பாத்துக்குறேன்” என்றார்.

அவர் சொன்ன மூன்று பேர் அம்மா, தம்பி, மாமா. அம்மாவுக்கு 61 வயது, முப்பத்தெட்டு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இப்போது தோட்டத்து லய வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முழங்காலும் வலிக்கிறது. தம்பி பந்து விளையாடும்போது தொடையின் பின்பக்கத் தசையைக் கிழித்துக்கொண்டான். மாமாவுக்குச் சீனி வியாதி, இடது பாதத்தில் இரண்டு மாதமாக மூடாத புண்.

அத்தான் பாசத்தில் சொன்னது. சும்மா தட்டிவிட மனம் வரவில்லை. நான் கொட்டகலையில் இருந்து ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அமுக்கம், வாயு என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. அதனால் முதலில் நானே போய்ப் படுத்துப் பார்த்தேன்.

பையின் சிப்பை இரண்டு அடுக்காக இழுத்து மூடினார்கள். கொம்பிரசர் ஓடத் தொடங்கியதும் துணி விறைத்து உப்பியது. இரண்டாவது நிமிடம் காது அடைத்தது. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பழகிய உணர்வு. றம்பொடை இறக்கத்தில் காது கும்மென்று அடைத்து, எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்குமே, அதேதான். காரணமும் ஒன்றுதான். இறங்க இறங்க வெளியமுக்கம் கூடுகிறது, காதுக்குள் இருக்கும் காற்று அதற்கு ஈடு கொடுக்கப் பார்க்கிறது.

அன்றைக்கு ஒட்சிசன் இணைக்காமல் வெறும் காற்றில் ஓட்டச் சொல்லி, போனை உள்ளே கொண்டுபோகக் கேட்டிருந்தேன். ஒட்சிசன் ஓடும்போது போனை உள்ளே கொண்டுபோகவே கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன். என் போனில் அமுக்கமானி உண்டு. படுக்கும் முன் 810 ஹெக்டோபாஸ்கல் காட்டியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். பை முழுதாக உப்பிய பிறகு எண் ஏறி 1,080ஐத் தாண்டி நின்றது. சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் ‘1.3 வளிமண்டலம்’ என்று போட்டிருந்தது. 1.3 வளிமண்டலம் என்றால் கடல் மட்ட அமுக்கத்தின் 1.3 மடங்கு, போன் 1,317 காட்டியிருக்க வேண்டும்.

அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. மெஷின் செய்ய வேண்டியதைச் செய்கிறது. இந்த மென்பைகளில் இருக்கும் வால்வு, வெளியே இருக்கும் காற்றோடு ஒப்பிட்டு இவ்வளவு கூட்டு என்றுதான் அமைந்திருக்கும். பொதுவாக 4 பி.எஸ்.ஐ., அதாவது கிட்டத்தட்ட 0.3 வளிமண்டலம். காலி நகரத்துக் கடற்கரையில் வைத்தால் 1க்கு மேல் 0.3 சேர்ந்து 1.3 ஆகும். நுவரெலியாவில் 0.8க்கு மேல் 0.3 சேர்ந்தால் 1.1தான் வரும். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் 1.15க்குக் கிட்ட வரும். அட்டையை அச்சடித்தவருக்கு நம் மலை தெரியாது. கொழும்பில் என் போன் 1,010 காட்டும். ஆக, வெறும் காற்று நிரப்பிய பைக்குள் நுவரெலியாவில் ஒரு மணித்தியாலம் படுத்திருப்பது, கொழும்பில் ஒரு மணித்தியாலம் மூச்சு விடுவதைவிட ஏழெட்டு சதவீதம் மட்டும் கூடுதலான ஒட்சிசன் அமுக்கம் தருகிறது. மலையில் இருந்துகொண்டு இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கிற எல்லாரும் இந்தக் கழித்தலை முதலில் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் ஹைப்பர்பேரிக் என்பதே வீண் வேலையா? இல்லவே இல்லை. ஆஸ்பத்திரிகளில் பயன்படும் கடினக் கூடு வேறு விசயம். உலோகத்திலோ தடித்த அக்ரிலிக்கிலோ செய்தது, உள்ளே 2 முதல் 3 வளிமண்டலம், 100 சதவீத ஒட்சிசன். கடலடியிலிருந்து வேகமாக மேலே வந்த சுழியோடிக்கு, காபன் மொனொக்சைட்டு நச்சேறியவருக்கு, வாயு அழுகல் வந்தவருக்கு, கதிர்வீச்சுச் சிகிச்சையால் திசு கெட்டவருக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. 1960இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், செங்குருதிக் கலங்கள் அநேகமாக இல்லாமல் செய்த பன்றிகளை 3 வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசன் கொடுத்து உயிரோடு வைத்துக் காட்டினார். அவ்வளவு அமுக்கத்தில் குருதியின் நீர்ப்பகுதியிலேயே போதுமான ஒட்சிசன் கரைந்துவிடுகிறது. இந்தத் துறையின் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1.4 வளிமண்டலத்துக்குக் குறையாத அமுக்கம், கிட்டத்தட்ட தூய ஒட்சிசன் இரண்டும் சேர்ந்தால்தான் ஹைப்பர்பேரிக் சிகிச்சை என்று எண்ணுகிறது. மென்பை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது, மலையில் வைத்தால் இன்னும் தள்ளி நிற்கிறது.

மென்பை முதலில் எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் சுவாரசியம். இமயமலை ஏறுகிறவர்களுக்கு உயரத்தால் தலை சுற்றி, நுரையீரலில் நீர் கோத்தால், பைக்குள் படுக்கவைத்துக் காற்றடித்து, கீழே இறக்கிய மாதிரி ஒரு நிலையை உண்டாக்கத்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இவ்வகைப் பைகளுக்கு அந்த மலை நோய்க்காகத்தான் வழிவிட்டது. அந்த நோய் சாதாரணமாக 2,500 மீற்றருக்கு மேல் தொடங்கும். நம் நாட்டில் மிக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீற்றர். சிவனொளிபாத மலை 2,243. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தேவை இல்லை.

இனி ஆள் ஆளாகப் பார்க்கலாம். மூன்று பேருக்கும் ஒரே பதில் இல்லை.

அம்மாவின் விசயத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். அத்தான் சொன்னதில் பாதி சரி, அம்மாவுக்கு ஒட்சிசன் போதவில்லைதான். எங்கே போதவில்லை என்பதுதான் கேள்வி. கிளினிக்கில் எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை எடுத்தோம். ஹீமோகுளோபின் 8.9, அதாவது 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 8.9 கிராம். பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலீட்டர் ஒட்சிசனைச் சுமக்கும். 8.9ஐ 12க்குக் கொண்டுவந்தால், 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்கு நாலு மில்லிலீட்டர் ஒட்சிசன் கூடும். அது இரவும் பகலும், படி ஏறும்போதும், தூங்கும்போதும் உடம்பில் இருக்கும். இதே அம்மாவை நுவரெலியாப் பையில் வெறும் காற்றோடு படுக்கவைத்தால் அரை மில்லிலீட்டர் அளவுதான் தேறும். முகமூடி வழியாகத் தூய ஒட்சிசனையே கொடுத்தாலும் இரண்டரையைத் தாண்டாது. சிப்பைத் திறந்து எழுந்த சில நிமிடங்களில் அதுவும் போய்விடும்.

இந்தக் கணக்கை வெண்பலகையில் எழுதிப் பார்த்தபோது மனசு கனத்தது. எத்தனை அம்மாமார் இந்த மலைகளில் “வயசாகிட்டு, அதான் இளைக்குது” என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கியிருக்கிறார்கள். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ. மத்தியானம் சோற்றோடும் பிளேன்டீ. தேயிலையில் இருக்கும் தனின், சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. நாம் பறித்த கொழுந்தே நம் இரத்தத்தைக் குறைக்கிறது என்று சொன்னபோது அம்மா நம்பவே இல்லை.

டொக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. இந்த வயதில் இரத்தம் குறைந்தால் எங்காவது கசிகிறதா, குடற்புழுவா, தலசீமியா மாதிரிப் பரம்பரைக் காரணமா என்று பார்க்க வேண்டும் என்றார். காரணம் தெரியாமல் இரும்பைக் கொடுத்தால் சிலருக்கு உடம்பில் இரும்பு தேங்கிக் கெடுதலாகும். பரிசோதனைகள் முடிந்த பிறகுதான் மாத்திரை வந்தது, தேசிக்காய்த் தண்ணீரோடு. பிளேன்டீ ஒரு மணித்தியாலம் தள்ளி. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். முழங்காலுக்குப் பிசியோ சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சி. இவை எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். பைக்கும் கிளினிக்குக்கும் இடையில் அம்மாவுக்கு எது என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

தம்பி விசயம் அவ்வளவு நேரடியாக இல்லை. விளையாட்டு வீரர்கள் பெரிய நாடுகளில் இந்தப் பைகளுக்குள் படுத்திருக்கும் படங்களை அவன் சேர்த்து வைத்திருக்கிறான். “அவங்க சும்மாவா செய்வாங்க?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தசை வலிக்கும் மூடிய தசைக் காயத்துக்கும் ஹைப்பர்பேரிக் உதவுகிறதா என்று 2005இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பார்த்தது. அதில் வந்தவை பையைவிடக் கூடுதலான அமுக்கம் தரும் கூடுகள். அப்படியிருந்தும் பயன் உண்டு என்று காட்டப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு வரும் தசை வலி இடையில் அதிகமாகலாம் என்பதற்கும் அடையாளம் இருந்தது.

மறுபக்கத்தில் வைத்துப் பார்க்க வலுவான ஒன்று இருக்கிறது. 2013இல் சுவீடனில் அவன் மாதிரியே பின்தொடைத் தசை கிழிந்த 75 உதைபந்தாட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தசையை நீட்டிய நிலையில் வேலை வாங்கும் பயிற்சிகள், மற்றவர்களுக்கு வழமையான பயிற்சிகள் கொடுத்தார்கள். முதல் பகுதியினர் சராசரி 28 நாளில் மைதானத்துக்குத் திரும்பினார்கள், மற்றவர்களுக்கு 51 நாள் எடுத்தது. அதற்கு வேண்டியது ஒரு பாய், ஒரு சுவர், வழுக்கும் தரையில் ஒரு காலுறை. முறையைச் சரியாகச் சொல்லித்தர ஒரு பிசியோ வேண்டும், அவ்வளவுதான். தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் கஷ்டம். பைக்குள் படுத்திருப்பது சுகம், ஒற்றைக் காலில் குனிந்து நிமிர்வது அலுப்பு. தம்பி இரண்டையும் செய்யப் போகிறேன் என்றான். நான் தடுக்கவில்லை. ஆனால் பயிற்சிக்குப் போகும் நேரத்தைப் பை விழுங்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். கொட்டகலையிலிருந்து நுவரெலியா போய் வர அரை நாள் போய்விடும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலம் படுத்து எழுந்தபோது எனக்கு உடம்பு இலேசாகத்தான் இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அது அமுக்கத்தாலா, ஒரு மணித்தியாலம் யாரும் கூப்பிடாமல் கண்ணை மூடிக் கிடந்ததாலா? இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரும் ஓர் ஆய்வு உண்டு. கனடாவில் மூளை வாதம் உள்ள 111 பிள்ளைகளை வைத்துச் செய்தது, 2001இல் வெளியானது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு 1.75 வளிமண்டலத்தில் தூய ஒட்சிசன். மற்றப் பகுதிக்கு 1.3 வளிமண்டலத்தில் வெறும் காற்று, அதாவது இன்று ‘மைல்ட்’ என்று விற்கப்படும் அதே அளவு. இரண்டு பகுதியும் ஒரே அளவு முன்னேறின. ஆய்வாளர்களுக்கு அந்த 1.3 ஒப்பிட்டுப் பார்க்க வைத்த போலிச் சிகிச்சை. பை விற்கிறவர்கள் அதையே எடுத்து, பார்த்தீர்களா, 1.3ம் வேலை செய்கிறது என்கிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் நாற்பது தடவை சேர்ந்து இருந்த கவனிப்பும் எதிர்பார்ப்பும் இரு பக்கமும் வேலை செய்தன என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தக் கவனிப்பை நான் மட்டமாக நினைக்கவில்லை. அதற்குக் கொம்பிரசர் தேவையா என்பதுதான் என் கேள்வி.

இளமை திரும்பும் என்ற விளம்பரங்களும் அப்படித்தான். 2020இல் இஸ்ரேலில் 64 வயதும் அதற்கு மேலும் ஆன 35 பேரை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். அது 2 வளிமண்டலம், தூய ஒட்சிசன், 90 நிமிடம் வீதம் 60 தடவை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருக்கவில்லை. அதை மென்பையின் படத்துக்குக் கீழே போடுவது சரியில்லை.

மாமாவின் புண்ணுக்கு வருகிறேன். இதில்தான் பயந்தேன், இப்போதும் பயம் இருக்கிறது. மற்ற இருவருக்கும் பை பயன் தராவிட்டால் காசும் நேரமும்தான் போகும். மாமாவுக்குக் கால் போகலாம். புண்ணைப் பார்த்தபோது விளிம்பு கறுத்து, நடுவில் வெள்ளையாக இருந்தது. பாட்டா செருப்புக்குள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார். வலியே இல்லை என்றார். வலி இல்லாததுதான் ஆபத்து, நரம்பு செத்துவிட்டது.

நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு உண்மையான ஹைப்பர்பேரிக் சிகிச்சை கொடுக்கப்படுவதுண்டு. 2 முதல் 2.5 வளிமண்டலம், 30, 40 தடவை. பலன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சுவீடனில் 94 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஒரு வருசத்தில் புண் ஆறியது, மற்றவர்களில் 29 சதவீதம். நெதர்லாந்தில் 120 பேரை வைத்து 2018இல் வந்த ஆய்வில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலுமே அது தனியாகக் கொடுக்கப்படவில்லை. சீனியைக் கட்டுப்படுத்தி, செத்த தசையை வெட்டியெடுத்து, காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்த்து, புண் மேல் பாரம் விழாமல் காப்பு போட்டு, இவற்றோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இந்த நாலும் இல்லாமல் எந்தக் கூட்டுக்குள் படுத்தும் புண் மூடாது. மென்பைக்கு இப்படி ஓர் ஆதாரமும் இல்லை. ‘பத்துத் தடவை போய்ப் பார்ப்போமே’ என்று தள்ளிப்போடும் இரண்டு மூன்று வாரத்தில் சீழ் எலும்புக்குப் போய்விடும். வீட்டில் யாருக்காவது பாதத்தில் இப்படி இருந்தால், பையைப் பற்றி வாசிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, நல்ல ஆரோக்கியத்தோடு, கையில் காசோடு, ஒரு மணித்தியால ஓய்வுக்காகப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில விசயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தடிமன், காதுவலி, சைனஸ் இருந்தால் அன்று போகவே வேண்டாம், செவிப்பறை பாதிக்கும். நுரையீரலில் காற்றுக் கசிவு வந்தவர்கள், நுரையீரலில் காற்றுக் குமிழி இருப்பதாக எக்ஸ்ரேயில் சொல்லப்பட்டவர்கள், காதில் ஒப்பரேசன் செய்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. சீனி வியாதிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு, சீனியை அளந்துவிட்டுத்தான். கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் அது நடக்கும். கொம்பிரசர் நின்றால் புதுக் காற்று வராது, வெளியே நின்று உடனே சிப்பைத் திறக்க ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவர் வீட்டில் வைக்க இந்தப் பையை வாங்கலாமா என்று கேட்டார். தனியாக இருக்கும் வீட்டில் வேண்டாம் என்றே சொன்னேன்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒட்சிசன் செறிந்த இடத்தில் ஒரு சிறு பொறி போதும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில், தூய ஒட்சிசன் நிரம்பிய கடினக் கூட்டுக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது. மென்பையில் செறிவு அதைவிடக் குறைவு. ஆனாலும் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் கொன்சன்ட்ரேட்டர் ஓடும்போது போன், லைட்டர், நைலோன் சாரி, கம்பளிச் சுவெட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது, பருத்தி உடுப்புத்தான். நம் அம்மாமார் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வெளியே இறங்க மாட்டார்கள். எண்ணெயும் ஒட்சிசனும் சேரக் கூடாது. அன்று நான் போன இடத்தில் என் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

காசு விசயத்தையும் அத்தானிடம் பேசினேன். ஒரு தடவைக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டால் சிறிதாகத் தெரியும். அவர்கள் சொல்கிற இருபது, நாற்பது தடவையால் பெருக்கி, பஸ் காசைக் கூட்டி, அதைத் தோட்டத்து நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்த்தால் எத்தனை நாள் வேலை செய்த காசு என்று விளங்கும். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, அந்தக் காச மாமாவோட கண்டி ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு வெச்சுக்க” என்றார்.

அம்மா மாத்திரை தொடங்கி ஏழு வாரமாகிறது. போன கிளினிக்கில் ஹீமோகுளோபின் 10.4. படியில் இன்னும் ஒரு தடவை நின்றுதான் ஏறுகிறார், முன்பு மூன்று தடவை நிற்பார். தம்பி ஒரே ஒரு தடவை பைக்குப் போனான், காது வலிக்கிறது என்று அதோடு விட்டுவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்கிறான். மாமாவின் புண்ணைச் சுத்தம் செய்து காப்புப் போட்டிருக்கிறார்கள், இரத்த ஓட்டப் பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை கண்டியில். விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும். மலை இறங்கும்போது அவருக்குக் காது அடைக்கும், மென்று விழுங்க அம்மா இஞ்சி டொபி வாங்கி வைத்திருக்கிறார், சீனி இல்லாதது.